விடை வராத சமன்பாட்டையும் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் நியூட்டன்-ராப்சன் முறைக்கு (ஓர் ஊக மதிப்பில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று அதைத் திருத்தி, சமன்பாட்டின் விடையை நெருங்கும் முறை) நிரல் எழுதச் சொல்லும்போது, நான்கே சுற்றில் விடை வந்துவிடும் சமன்பாடாகப் பார்த்துக் கொடுத்துவிடுகிறார்கள், மாணவரும் அதை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். ஐந்தாம் படியிலிருந்தே, நான்கு அடிப்படைச் செயல்களும் வர்க்கமூலம், கனமூலம் போன்றவையும் மட்டும் கொண்ட பொதுச் சூத்திரம் கிடையாது என்று கணிதவியலாளர் ஏபெல் 1824-லேயே காட்டிவிட்டார், அதனால் விடையைத் தோராயமாக நெருங்கும் இந்த எண்முறைகளை விட்டால் பொதுவாக வேறு வழியில்லை. சரி, அவை காலை வாரும் இடத்தையும் காட்ட வேண்டாமா?

x³ − 2x + 2 = 0 என்பதை எடுத்துக்கொண்டு 0-விலிருந்து தொடங்கிப் பாருங்கள். அடுத்த மதிப்பு 1, அதற்கடுத்தது மறுபடி 0, அப்புறம் 1, இப்படியே செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றுகளுக்கு உச்சவரம்பு வைக்காத நிரல் என்றால் கணினியை நாம்தான் நிறுத்த வேண்டும். இத்தனைக்கும் −1.7693 பக்கத்தில் ஒரு மூலம், அதாவது விடை, இருக்கத்தான் செய்கிறது. −2-இல் கோவையின் மதிப்பு −2, 0-வில் +2, குறி மாறுவதால் இடையில் மூலம் இருந்தே ஆக வேண்டும், குறி மாறும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இடைவெளியை 20 முறை பாதியாக்கினால் அது 0.000002-க்கும் கீழே சுருங்கிவிடும். மெதுவான முறைதான், ஆனால் ஏமாற்றாது.

பைத்தான் மொழியின் கணித நிரலகமான நம்பையில் (NumPy) ரூட்ஸ் (roots) என்று ஒரு வரி போட்டால் போதுமே என்பார்கள். அது உள்ளே ஓர் அணியை அமைத்து அதன் ஐகன் மதிப்புகளைத்தான் (அணிக்கே உரிய சிறப்பு எண்கள், இங்கே அவையே சமன்பாட்டின் மூலங்கள்) கண்டுபிடிக்கிறது, அங்கேயும் மூலங்கள் இரட்டித்து வந்தால் தசம இடங்கள் பறிபோகும். அடுத்த பருவத்திலாவது பாடத்திட்டக் குழுவினர் அடங்காத சமன்பாடு ஒன்றைச் சேர்த்துவிட்டு, ஏன் அடங்கவில்லை என்று வாய்மொழித் தேர்வில் கேட்கட்டும்.

— ஒரு வாசகர், மதுரை