மேல்வீட்டுக்காரர் உங்கள் கட்சிதான்

சிகாகோ,
தை மாதக் கடைசி.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, தம்பி, தெற்குத்தெரு அத்தை எல்லோரும் நலம்தானே? உங்கள் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் இல்லையே என்று கோபமாக இருப்பீர்கள். போனில் அம்மாவிடம் பேசுவதோடு சரி. உங்களிடம் கொடுத்தால் "ஒண்ணும் கேக்கலடா, வை" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால் இதை நீளமாகவே எழுதுகிறேன். தம்பியைப் படிக்கச் சொல்லாதீர்கள், பாதியை விழுங்கிவிடுவான். கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள்.

குளிரைப் பற்றி அம்மா கேட்டிருந்தாள். போன வாரம் சுழிக்குக் கீழே இருபது டிகிரி. ஏரிக்காற்று அடித்தால் மூக்குக்குள் ஈரம் உறைவது தெரியும். தயிர் தோய்வதில்லை. அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டுப் பாலை உள்ளே வைத்தால் காலையில் சுமாராக உறைந்திருக்கிறது. டெவான் தெருவில் நம் கடைகளில் முருங்கைக்காய் கிடைக்கிறது, ஆனால் உறையவைத்தது, நார்தான் மிச்சம். காரை நண்பன் ஒருவன் கேட்டான், கொடுத்துவிட்டேன். பனியைத் தோண்டி அதை வெளியே எடுப்பதே பெரும்பாடு. வேலையில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்கிறார்கள். நல்ல ஓய்வு. இந்த மாதப் பணம் மட்டும் கொஞ்சம் தள்ளி வரும்.

இனி நீங்கள் கேட்டது. "மேல்வீட்டில் ஒருவர் ஊதுகிறார் என்றாயே, அதற்கு ராகம் தாளம் உண்டா, இல்லை வாய்க்கு வந்ததா?" என்று எழுதியிருந்தீர்கள்.

அவர் இந்த ஊர் மின்ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய அம்மா மிசிசிப்பியில் பருத்திக் காட்டு வேலையை விட்டுவிட்டு ரயிலேறி வந்தவராம். ஊதுவது டெனர் சாக்ஸபோன், சங்கீதம் ஜாஸ். கத்ரி கோபால்நாத் வாசித்ததை விடப் பெரியது, குரலும் கனம். அவரோடு எனக்குப் பேச்சு வந்ததே ஊதுவாயில் பொருத்துகிற சீவாளியால்தான். அவருடைய சீவாளி ஒற்றை நாக்கு, நாணல் தட்டையில் சீவியது. வாயில் ஊறப்போட்டுக்கொண்டே பேசுவார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், நுனியை நகத்தால் வருடுவார், "பத்தில் இரண்டு தேறினால் பெரிது" என்று சலித்துக்கொள்வார். திருவாவடுதுறைக்காரரிடமிருந்து நாயனச் சீவாளி வாங்கி வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் சொல்வதும் இதேதான் என்றேன். அன்றைக்கே பீன்ஸும் சோறும் ஒரு கிண்ணம் கீழே வந்துவிட்டது.

தாளம் உண்டு அப்பா, கறாராகவே உண்டு. ஒரு பழைய பாட்டை எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் 32 பார், எட்டெட்டாக நாலு பங்கு. பார் என்றால் தாளத்தின் ஒரு சின்னச் சுற்று. ஒரு முறை மெட்டை வாசித்துவிட்டு அதை விட்டுவிடுவார்கள். ஆனால் அதன் அடியில் இருக்கிற கார்டு வரிசை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளின் வரிசை, பியானோவிலும் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்திலும் மாறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றுக்குள் ஊதுகிறவர் புதிதாகக் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு சுற்றுக்குப் பெயர் கோரஸ். 1956-ல் நியூபோர்ட் விழாவில் டியூக் எலிங்டன் குழுவிலிருந்து பால் கொன்சால்வெஸ் என்பவர் 12 பார் சுற்று ஒன்றில் 27 கோரஸ் விடாமல் ஊதி, கூட்டத்தையே எழுந்து ஆடவைத்துவிட்டாராம். "27 தானா? எங்கள் ஊர் சுவாமி புறப்பாட்டுக்கு வந்து பார்க்கச் சொல்" என்பீர்கள், தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் கச்சேரியை விடச் சண்டைதான் அதிகம். அவருடைய நண்பர் ஒருவர் வருவார், டிரம்ஸ் வாசிக்கிறவர். 1965-ல் இந்த ஊர் தெற்குப் பக்கத்தில் கறுப்பின வித்வான்கள் சேர்ந்து, எங்கள் சொந்தச் சங்கீதத்தைத்தான் வாசிப்போம் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். இவர் அந்தச் சங்கத்தின் பக்கம். நேற்று வாசித்த பிடியை, அதே ஸ்வரக் கோர்வையை, இன்றைக்கும் வாசித்தால் அது பொய் என்பது அவர் கட்சி. மேல்வீட்டுக்காரரோ, வீட்டில் ஆயிரம் முறை வாசிக்காததை மேடையில் வாசிக்கிறேன் என்பவன்தான் பொய்யன் என்கிறார்.

மேல்வீட்டுக்காரர் சாட்சிக்குக் கூப்பிடுவது லூயி ஆம்ஸ்ட்ராங்கை. ஆம்ஸ்ட்ராங் 1922-ல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து இங்கே வந்த கார்னெட் வித்வான். கார்னெட் ட்ரம்பெட் மாதிரி ஒரு ஊதுவாத்தியம். 1926-ல் இதே ஊரில் 'கார்னெட் சாப் சூயி' என்று ஒன்றைப் பதிவு செய்தார். நடுவில் கூட வாசிப்பவர்கள் அங்கங்கே ஒரு தட்டு மட்டும் கொடுத்து நிறுத்த, அவர் தனியாக ஊதுகிற இடம் வரும். அந்த நிமிஷத்தில் பிறந்தது என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் 1924-லேயே காப்புரிமைக்காக அவர் கைப்பட எழுதிக் கொடுத்த தாளில் அந்த இடம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. "அப்படியானால் ஆம்ஸ்ட்ராங் பொய்யரா?" என்று இவர் கேட்டதும் டிரம்ஸ்காரர் காபி போட எழுந்துவிட்டார்.

பழிக்குப் பழியாக அடுத்த வாரம் டிரம்ஸ்காரர் ஆர்னெட் கோல்மன் என்ற சாக்ஸபோன்காரரின் 'ஃப்ரீ ஜாஸ்' இசைத்தட்டைக் கொண்டுவந்தார். 1960-ல் எட்டுப் பேர், இடது பக்கம் நாலு, வலது பக்கம் நாலு, கார்டு சுற்று எதுவும் கிடையாது, முப்பத்தேழு நிமிஷம். பாதியிலேயே மேல்வீட்டுக்காரர் கோட்டை மாட்டிக்கொண்டு அந்தக் குளிரில் வெளியே போய் நின்றார். கீழ்வீட்டு அம்மாள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர். அவருக்கு இவர்கள் இரண்டு பேர்மீதும் வருத்தம். எவ்வளவு சுற்றினாலும் உள்ளே பாட்டு கேட்க வேண்டும் என்பார். கோல்மன் ஹாக்கின்ஸ் என்ற டெனர் சாக்ஸபோன்காரர் 1939-ல் 'பாடி அண்ட் சோல்' வாசித்தபோது மெட்டை ஆரம்பத்தில் தொட்டும் தொடாமலும் காட்டிவிட்டுப் போனாரே, அப்போதே கெட்டது என்று அவர் கணக்கு. அந்தத் தட்டு சக்கைப்போடு போட்டது என்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்வதில்லை.

கோல்ட்ரேன் என்று ஒரு சாக்ஸபோன் மேதை. ரவிசங்கர் நினைவாக மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தவர். இந்த ஊர் டவுன்பீட் பத்திரிகையில் 1961-ல் ஒரு விமர்சகர் அவரும் அவரோடு சேர்ந்து வாசித்த எரிக் டால்ஃபியும் வாசிப்பதை ஜாஸுக்கு விரோதமானது என்றே எழுதிவிட்டார். அடுத்த வருடம் அதே பத்திரிகையில் இருவரும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அவருடைய 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' 1959-ல் பதிவானது. தலைதெறிக்கும் வேகம், இரண்டு அடிக்கு ஒரு கார்டு மாறும். கோல்ட்ரேன் வீட்டில் சாதகம் பண்ணித் தீர்த்துவிட்டு வந்திருந்தார். பியானோ டாமி ஃப்ளானகன், லேசுப்பட்டவரில்லை, ஆனால் தன் முறை வந்ததும் தடுமாறுகிறார். வெறும் கார்டுகளைப் போட்டுக்கொண்டு கரையேறுகிறார். "அந்தத் தடுமாற்றம்தான் அந்த நிமிஷத்தில் பிறக்கிற நிஜமான மனோதர்மம், கோல்ட்ரேன் ஒப்பித்தார்" என்றார் டிரம்ஸ்காரர். மேல்வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் சாக்ஸபோனைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். நான் நழுவிக் கீழே வந்தேன்.

அதே பாட்டை கோல்ட்ரேன் வேறு முறை வாசித்த பதிவுகளும் கிடைக்கின்றன. போட்டுக் கேட்டேன். அதே பிடிகள் திரும்ப வருகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் இடம் மாறி வருகின்றன. ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் போய் விழுகிறது. எனக்கு இது போதும். ஃப்ளானகனும் 1982-ல் அதே பெயரில் ஒரு தட்டுப் போட்டு அந்தப் பாட்டை அழகாக வாசித்திருக்கிறார். அதை டிரம்ஸ்காரரிடம் இன்னும் சொல்லவில்லை, சமயம் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் தோடி எடுத்தால் முதல் பிடி என்னவென்று எனக்குத் தெரியும். அம்மா அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவாள். பழசு என்று யாராவது எழுந்து போனார்களா? ஒரு திருவிழாவில் கீழவீதி முக்கில் காந்தார ஸ்வரத்தில் நின்றுகொண்டு மேலே போகாமல், கீழே இறங்காமல் அதையே சுற்றிச் சுற்றி வந்தீர்களே. தவில்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு உங்களையே பார்த்தார். சித்தப்பாவுக்கு ஒத்து ஊதுகிற மூச்சு தடுமாறியது. பெட்ரோமாக்ஸ் தூக்கியவர்கூட நகரவில்லை. நேற்று மேல்வீட்டுக்காரர் மெதுவான பாட்டு ஒன்றை ஊதும்போது இதெல்லாம் வந்துவிட்டது. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை அப்பா. பங்குனிக்கு ஊரில் இருந்தால் தேவலை என்று இருக்கிறது. டிக்கெட் விலை இப்போது அதிகம், பார்க்கலாம்.

தம்பி விஷயம். யூடியூப்பில் கேட்டு ஸ்வரத்தை அப்படியே உருப்போடுகிறான், சுயமாக ஒரு சங்கதி வரவில்லை என்று திட்டி எழுதியிருக்கிறீர்கள். மேல்வீட்டுக்காரரும் சின்ன வயதில் தட்டின் வேகத்தைக் குறைத்துவைத்துக் கேட்டு, ஊசி தேயத் தேய உருப்போட்டுப் படித்தவர்தான். உருப்போடட்டும், விடுங்கள். திருப்பூர் போகிறேன் என்கிறானாம், அத்தை சொன்னாள். திட்டினால் போய்விடுவான். திருவிழா முடிகிற வரைக்கும் இரு, பிறகு பேசலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நரசிங்கம்பேட்டையில் புது நாயனத்துக்குச் சொல்லியிருந்தீர்களே, அதை நிறுத்த வேண்டாம். முன்பணம் போக மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். தங்கையின் வளையலில் கை வைக்க வேண்டாம். அவள் மாமியார் ஏற்கெனவே ஒரு கண் வைத்திருக்கிறாள்.

பாகப்பிரிவினைக்கு நான் வர முடியாது. எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட உங்களுக்குப் பவர் பத்திரம் எழுதி இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புகிறேன். கைக்கு வந்ததும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரை போட்டாக வேண்டும். பத்திரம் எழுதுகிறவரிடம் வாசகத்தைக் கேட்டுத் தம்பியை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பட்டாவில் உங்கள் பெயரும் தாத்தா பெயரும் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், ஒரு எழுத்து மாறக்கூடாது. சித்தப்பா மேட்டு நிலத்தைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கிணற்றுப் பங்கை மட்டும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்.