அந்தக் கதவைத் திறந்து வையுங்கள்: ஆராய்ச்சி மைய இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக ஆராய்ச்சி மையங்களை நடத்தும் இயக்குநர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கடும் பனிப்புயல். ஒரு விவசாயி, செத்துப்போன கிடாரியையும் ஒரு பால் கேனில் உறையாத ரத்தத்தையும் மாடு தின்ற கெட்டுப்போன குளோவர் தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மேடிசன் நகருக்கு வந்தார். அவர் தேடி வந்த அரசு கால்நடை மருத்துவரின் அலுவலகம் பூட்டியிருந்தது. பல்கலைக்கழக வேதியியலாளர் கார்ல் பால் லிங்க் வேலை செய்த கட்டடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே போனார்.

லிங்கால் அன்று பெரிதாக உதவ முடியவில்லை. அந்தத் தீவனத்தைப் போடாதீர்கள் என்று மட்டுமே சொல்ல முடிந்தது. ஆனால் அவரும் மாணவர்களும் அந்த ரத்தத்தை விடவில்லை. ரத்தத்தை உறையவிடாமல் செய்த பொருளை 1939-இல் பிரித்தெடுத்தார்கள். அதைத் தொடர்ந்து உருவானதுதான் வார்ஃபரின். முதலில் எலி மருந்து. அப்புறம் 1954-இல் மனிதர்களுக்கான மருந்து. ரத்தக் கட்டு வராமல் தடுக்க இன்றும் அதைக் கொடுக்கிறார்கள்.

இன்று அதே விவசாயி உங்கள் மையத்துக்கு வந்தால் யாரைப் பார்ப்பார்? வாசலில் காவலாளியை. முன் அனுமதி உண்டா என்று கேட்பார்கள். அவ்வளவுதான், திரும்பிப் போய்விடுவார்.

வெளியாட்களை விடுங்கள், உங்கள் சொந்த இளநிலை மாணவர்களே அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்துதான் பார்க்கிறார்கள். ஜெர்மனியின் கீசன் நகரில் வேதியியல் பேராசிரியர் லீபிக் 1824 முதல் மாணவர்களை ஆய்வுக்கூடத்தில் இறக்கி, சோதனை செய்யவைத்தே வேதியியல் கற்றுக்கொடுத்தார். 200 ஆண்டுகள் ஆன பிறகும் பல இடங்களில் முதலாண்டு மாணவர், விடை தெரிந்த சோதனையையே திரும்பச் செய்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். விடை தெரியாத கேள்வி ஒன்றையாவது அவர் கையில் கொடுங்கள்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. எங்கள் வீட்டுக்கு ஒருமுறை ஓர் ஆய்வுக் குழு வந்தது. என் அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னார். அதில் என்ன தெரியவந்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை. "கேட்டாங்களே, என்ன ஆச்சு?" என்று அம்மா வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார். ஆய்விதழில் வந்திருக்கலாம். அம்மாவுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2015-இல் அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகர மக்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைத் தாங்களே பிடித்து வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அனுப்பினார்கள். ஆய்வாளர்கள், ஈயம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து அந்த மக்களிடமே வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த அக்டோபரிலேயே நகரம் பழைய நீராதாரத்துக்குத் திரும்பியது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்கள் 1970-களில் 'அறிவியல் கடை' என்று ஒன்றைத் தொடங்கின. பொதுமக்கள் கேள்வியோடு வருவார்கள், மாணவர்கள் அதைப் பாடத்தின் பகுதியாக எடுத்து ஆராய்வார்கள். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு மேசை, கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆய்வாளர், கூட இரண்டு மாணவர்கள். ஆய்வு முடிந்ததும், பதில் சொன்னவர்களுக்கு அவர்கள் மொழியில் ஒரு பக்கம். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
அந்த அம்மாவின் மகள்