ஃபியாமே அம்மாவுக்கு, அந்தப் பத்து சதவீதம் பற்றி

அன்புள்ள ஃபியாமே நவோமி மத்தாஃபா அம்மாவுக்கு,

வணக்கம். பசிபிக் தீவு நாடான சமோவா என்றதும் எல்லாரும் 2021 மே 24-ஐத்தான் பேசுகிறார்கள். நாடாளுமன்றத்தைப் பூட்டிவிட்டார்கள், நீங்கள் வெளியே கூடாரம் போட்டுப் பிரதமராகப் பதவியேற்றீர்கள், ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்றது, 22 வருடத்துக்கும் மேலாக நாற்காலியை விடாத பழைய பிரதமர் துயிலாயெப்பா இறங்க வேண்டியதாயிற்று. நல்ல கதைதான், ஆனால் எனக்கு அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்ததுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் தேர்தலில் மொத்தம் 51 இடம். உங்கள் ஃபாஸ்ட் கட்சிக்கு 25, துயிலாயெப்பாவின் கட்சிக்கு 25, நடுவில் ஒரு சுயேச்சை. அவர் யார் பக்கம் என்று சொல்வதற்குள், நாடாளுமன்றத்தில் பெண்களுக்குப் பத்து சதவீத இடமாவது வேண்டும் என்று 2013-இல் வந்த விதியைக் காட்டி, ஜெயித்த ஐந்து பெண்கள் போதாது, ஆறாவதாக ஒருவர் வேண்டும் என்று தேர்தல் ஆணையர் துயிலாயெப்பா கட்சிப் பெண் ஒருவரைச் சேர்த்தார். மறுநாள் சுயேச்சை உங்களிடம் வர, 26-க்கு 26! நாட்டின் முதல் பெண் பிரதமர் வராமல் தடுக்கப் பெண்கள் ஒதுக்கீடு. அந்த நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது நானும் கைதட்டினேன்.

அப்புறம்தான் விஷயமே. ஆறு பெண்கள் வேண்டும் என்பது சரி, ஆனால் இடைத்தேர்தல் எல்லாம் முடிந்தபின் கணக்குப் பாருங்கள் என்றது உச்ச நீதிமன்றத்துக்கும் மேலே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம். இடைத்தேர்தலும் முடிந்தது, ஒதுக்கீட்டில் சேர வேண்டிய இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள், இரண்டு பேருமே எதிரணி. இந்தத் தடவை இழுத்தடித்தது உங்கள் பக்கம்தான் அம்மா. 2022-இல் நீதிமன்றம் சொல்லித்தான் அவர்கள் உள்ளே வர முடிந்தது. சபாநாயகர் முடிவு என்று நீங்கள் சொல்லலாம், சரி, ஆனால் பிரதமர் நீங்கள்தானே?

வேறு யாராவது என்றால் கேட்டிருக்க மாட்டேன். நாட்டின் முதல் பிரதமராக இருந்த அப்பா 1975-இல் போனபின், வெலிங்டனில் படிப்பை விட்டுவிட்டு வந்து, ஃபியாமே என்ற குடும்பத் தலைமைப் பட்டத்துக்காக வழக்காடி வாங்கியவர் நீங்கள். அந்த 'மத்தாய்' பட்டம் இல்லாதவர் உங்கள் ஊரில் தேர்தலில் நிற்கவே முடியாது, 1990 வரை ஓட்டுக்கூடப் போட முடியாது. பெண் மத்தாய்கள் குறைவு, சில கிராமங்கள் பெண்ணுக்குப் பட்டம் என்றாலே ஒத்துக்கொள்வதில்லை. 1985-இல் உள்ளே நுழைந்து, 1991-இல் முதல் பெண் அமைச்சராகி, கல்வித்துறையை 15 வருடம் நடத்திய உங்களைவிட இது யாருக்குத் தெரியும்? மத்தாய் பட்டங்களை விசாரிக்கும் நில, பட்ட நீதிமன்றத்தைத் தனியாகப் பிரித்துவிடும் மூன்று மசோதாக்கள் பிடிக்கவில்லை என்று 2020 செப்டம்பரில் துணைப் பிரதமர் பதவியையே உதறினீர்கள். என்னைக் கேட்டால் கூடாரத்தைவிட அதுதான் பெரிய காரியம், அன்று பூட்டிய கதவும் இல்லை, கேமராவும் இல்லை.

2025 வேறு மாதிரி முடிந்தது. சொந்தக் கட்சியே பிளந்தது, நம்பிக்கையில்லாத் தீர்மானம் இரண்டைத் தாண்டினீர்கள், மே மாதம் பட்ஜெட்டே தோற்றதும் சபையைக் கலைக்கச் சொன்னீர்கள். ஆகஸ்ட் தேர்தலில் உங்கள் புதுக் கட்சிக்கு மூன்றே இடம். உங்கள் தொகுதி லொத்தோஃபாங்கா மட்டும் உங்களைக் கைவிடவில்லை.

மூன்றே இடம் என்றால் ஆட்சியைக் காப்பாற்ற வேண்டிய கவலை இனி இல்லையே. பட்டம் தர மறுக்கும் கிராமத்துப் பெண்ணும் தேர்தலில் நிற்கலாம் என்று ஒரு மசோதா கொண்டுவாருங்கள் அம்மா. தோற்கும், சந்தேகமே இல்லை. தோற்கட்டும், யார் யார் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள் என்று சபைக் குறிப்பில் பதிவாகிவிடும் இல்லையா?

அன்புடன்,
தூரத்திலிருந்து உங்களைக் கவனித்துவரும் ஒரு வாசகர்