தரைத்தள வீட்டில் ஆர்க்கிட்: அண்ணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். மாம்பலத்து மொட்டைமாடியை விட்டு அடுக்குமாடியின் தரைத்தளத்துக்குக் குடிவந்தபோது டென்ட்ரோபியம் ஆர்க்கிட் தொட்டிகளை எல்லாம் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றும், இப்போது உள்ளறையில் ஒரு ராக் வைத்து, விளக்கு போட்டு ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட்டை வளர்க்கலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றும் அண்ணன் சொன்னார். தாராளமாக வளர்க்கலாம். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், உங்களுக்கு எழுதுவதை அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

சென்ற முறை வந்திருந்தபோது உங்கள் ஜன்னலோரத்தில், வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்துப் பார்த்தேன். காலை 11 மணிக்கு, எதிரே காம்பவுண்டுச் சுவர் பளிச்சென்று தெரிந்த நேரத்தில், மீட்டர் 600 லக்ஸைத் தாண்டவில்லை. ‘வெளிச்சமாகத்தானே இருக்கிறது’ என்று நீங்கள் சொன்னதும் பொய்யில்லை. நம் கண் மங்கலுக்கும் வெயிலுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அதை நம்பி வெளிச்சத்தை அளக்க முடியாது. நிழலை விரும்பும் ஆர்க்கிட் என்று பெயரெடுத்த ஃபெலனாப்சிஸுக்கே ஜன்னலோரத்தில் 10,000 முதல் 15,000 லக்ஸ் வரை வேண்டும். கேட்லியா என்ற ஆர்க்கிட்டுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. வாண்டா ஆர்க்கிட்டுக்கு அதற்கும் மேல். ஆகவே வாண்டா ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். அது மொட்டைமாடிச் செடி. அறைக்குள் அதைத் திருப்திப்படுத்தும் அளவுக்கு விளக்கு போட்டால் அந்த அறையில் நீங்கள் உட்கார முடியாது.

இங்கே ஒரு சலுகை உண்டு. ஜன்னலில் 10,000 லக்ஸ் என்பது நாளில் சில மணி நேரம் மட்டுமே கிடைப்பது. மேகம் வந்தால் அதுவும் போய்விடும். செடிக்குக் கணக்கு ஒரு நாளில் சேரும் மொத்த வெளிச்சம்தான் என்பதால், விளக்கின்கீழ் 7,000 லக்ஸ் தடங்கலின்றி 12 மணி நேரம் கிடைத்தால் ஃபெலனாப்சிஸ் வளர்வதோடு பூக்கவும் செய்யும்.

ராக்கிற்கு, துணிக்கடைக் கிடங்குகளில் பார்த்திருப்பீர்களே, வரிசையாகத் துளையிட்ட அந்த ஆங்கிள் ராக் போதும். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம். தட்டுகளின் உயரத்தைப் போல்ட்டைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் அருமை; ஏனெனில் இலை மட்டும் இருக்கும் செடிக்கு மேலே ஓரடி இடைவெளி போதும், பூந்தண்டு எழும்பினால் இரண்டடி வேண்டும். ஒவ்வொரு தட்டின் அடிப்பக்கத்துக்கும் வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள்; வீணாகும் வெளிச்சத்தில் ஒரு பங்கு கீழே திரும்பி வரும்.

விளக்கு விஷயத்தில்தான் நான் பணத்தை விட்டேன். ‘1000 வாட்’ என்று அட்டையில் போட்டிருந்த ஊதா நிறச் செடி விளக்கு ஒன்றை இணையத்தில் வாங்கி, மின்சாரம் அளக்கும் மீட்டரில் மாட்டிப் பார்த்தபோது அது இழுத்தது 100 வாட்டுக்கும் குறைவு. அதுகூடப் பரவாயில்லை. அந்த ஊதா வெளிச்சத்தில் எல்லா இலையும் கறுப்பாகவே தெரிந்ததால், ஓர் இலையின் அடியில் நீர்க்கோத்த அழுகல் பரவிக்கொண்டிருந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கிலேயே செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் இருக்கின்றன. நான்கடி நீளம், 20 வாட் கொண்ட பேட்டன்கள் (டியூப்லைட் போன்ற நீள எல்.இ.டி. விளக்குகள்) ஒரு தட்டுக்கு மூன்று வீதம், இலையிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். நடுப்பகுதியில் ஏழாயிரத்தை ஒட்டி வரும். இரு ஓரங்களிலும் குறையும் என்பதால் இளஞ்செடிகளை அங்கே வையுங்கள். ஒரு தட்டின் மூன்று விளக்கும் 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு முக்கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு, இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 43 யூனிட். அண்ணனிடம் இந்தக் கணக்கை முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.

விளக்கைக் காலை 6 மணிக்குப் போட்டு மாலை 6 மணிக்கு அணைக்க ஒரு டைமர் வேண்டும். சுற்றும் முள் வைத்த பழைய வகையை வாங்காதீர்கள். கரண்ட் போகும்போது அதுவும் நின்றுவிடுவதால், ஒவ்வொரு மின்தடைக்கும் அந்த அளவு பின்தங்கும். என் வீட்டில் ஒரு கோடை முழுக்க அப்படிச் சேர்ந்து, இரவு 11 மணிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேட்டரியில் நேரத்தைக் காத்துக்கொள்ளும் டிஜிட்டல் டைமர் சிறந்தது. இருட்டு இந்தச் செடிக்குச் சாப்பாட்டு நேரம். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேர்த்துவைத்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைக்கொண்டு உணவு தயாரிக்கும். கள்ளியும் அன்னாசியும் செய்வது இதைத்தான். இரவெல்லாம் விளக்கு எரிந்தால் அதற்கு நாம் உதவியதாகாது.

பிளக் பாயின்ட் தட்டுகளுக்கு மேலே இருக்கட்டும். ஒயர் சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலேறிப் பிளக்குக்குப் போனால், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ராக்கின் மேல் வைத்து நீரூற்றவே ஊற்றாதீர்கள். தொட்டிகளைக் குழாயடிக்குக் கொண்டுபோய் நனைத்து, வடியவிட்டுத் திரும்ப வையுங்கள்.

நர்சரியிலிருந்து வரும் செடியின் வேரைச் சுற்றி ஈரப்பாசியை இறுக்கி அடைத்திருப்பார்கள். வெயிலும் காற்றும் இல்லாத அறையில் அந்த உருண்டை உள்ளே காயவே காயாது. வாங்கி வந்த செடிகள் சாவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். பூ உதிர்ந்ததும் பாசியை எடுத்துவிட்டு, கரித்துண்டும் பைன் பட்டையும் கலந்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கப்பில் நடுங்கள். கப்பின் வழியே வேர் தெரியும்: காய்ந்திருக்கும்போது வெள்ளிபோல் சாம்பல் நிறமாக இருப்பது, நீர் பட்ட ஒரு நிமிடத்துக்குள் உங்கள் கண்முன்னாலேயே பச்சையாக மாறும். மீண்டும் சாம்பலாகும்வரை அடுத்த தண்ணீர் வேண்டாம். போர் தண்ணீரின் உப்பு வேர்நுனியைக் கருக்கிவிடும், ஆர்.ஓ. நீர் ஊற்றலாம், ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் நீர் கூடவே கூடாது. மழைநீர் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. காற்றுக்குக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிறு மின்விசிறி ஒன்று போதும். காற்று செடிமேல் நேராக அடிக்காமல் சுவரில் பட்டுத் திரும்பட்டும். மலைக்காட்டு மரக்கிளையில் வேரைக் காற்றில் விட்டு வாழ்ந்த செடியல்லவா.

பூ விஷயம் சென்னையில் தனிக்கதை. வெப்பம் தொடர்ந்து 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் ஃபெலனாப்சிஸ் இலை இலையாக விட்டுக்கொண்டிருக்குமே தவிர பூந்தண்டு விடாது. சில வாரங்கள் 25 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் தண்டு கிளம்பும். ஆகவே கூடத்தைவிட, இரவில் ஏ.சி. ஓடும் உங்கள் படுக்கையறையே ராக்கிற்குத் தகுந்த இடம். விளக்கு 6 மணிக்கே அணைந்துவிடுவதால் தூக்கத்துக்கும் தொந்தரவில்லை. ஏ.சி.யின் காற்று மொட்டில் நேராக வீசக் கூடாது. முன்பு ஒருமுறை ஒன்பது மொட்டுகள் வைத்த தண்டை அந்தக் காற்றின் எதிரே வைத்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பியபோது, ஒன்பதும் மஞ்சளாகித் தட்டில் கிடந்தன.

இரண்டு தட்டுகளோடு தொடங்குங்கள். மேல்தட்டு சற்றுச் சூடாக இருக்கும், கீழ்த்தட்டு விளக்கின் சூடு தகட்டில் ஏறுவதால். அங்குள்ள தொட்டிகள் சீக்கிரம் காயும். ஆங்கிள் ராக்கை வாங்கி வைத்திருங்கள், பெயின்ட் காய்ந்ததும் சொல்லுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மீட்டரோடு வந்து விளக்குகளை நானே மாட்டித் தருகிறேன். செடி வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்