கோச்சி போகாத பாதை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சாள்,

நான் நலம். உன் முழங்கால் எப்படி என்று கேட்கமாட்டேன், கேட்டால் நாலு பக்கத்துக்குப் பதில் வரும். வாட்ஸ்அப்பில் கதைக்கலாம்தான், ஆனால் பாதிக் கதையில் உன் பேரன் போனைப் பறித்து எனக்கு டைனோசர் காட்டத் தொடங்கிவிடுகிறான். அதனால்தான் கடிதம். மெல்பேர்னில் இருந்து திரும்பி வந்து ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபமாம், உன் மூத்தவள் சொன்னாள். கோபப்படு. இதை வாசித்து முடித்ததும் விட்டுவிடு.

வீட்டுக் கதை சுருக்கமாக. கூரை மாற்றியாயிற்று. மாமரம் இந்த முறை காய்த்துத் தள்ளியது, அணிலுக்குத்தான் கொண்டாட்டம். வெண்கட்டி மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். என்னை மட்டுக்கட்ட முடியவில்லை அவருக்கு, உன்னை மட்டும் நல்ல ஞாபகம். "அவள் இன்னும் அப்படித்தான் கதைக்கிறாளா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து இரு.

மகள் இருப்பது லில்லிடேலில். மெல்பேர்ன் நகரத்து மின்சார ரயில் அங்கே போய் முடிகிறது. முந்தி அங்கே முடியவில்லை. 1901இல் இருந்து மலைப்பக்கத்து வார்பர்ட்டன் வரை கோச்சி ஓடியிருக்கிறது, காட்டு மரமெல்லாம் அதில்தான் இறங்கியது. 1965இல் நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் போனது, சிலிப்பர் கட்டை போனது. மிஞ்சியது ஏறக்குறைய 40 கிலோமீற்றர் நீளத்துக்கு வெறும் மண் தடம். இன்றைக்கு அதில் பொடிக்கல் போட்டு இறுக்கி நடைபாதையாக வைத்திருக்கிறார்கள். சைக்கிள்காரர்களும் பிள்ளை வண்டி தள்ளும் தாய்மாரும் போகிறார்கள், குதிரையில்கூடப் போகிறார்கள். யாரா ஜங்ஷன் என்ற ஊரில் பழைய ஸ்டேஷன் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். டிக்கெட் ஜன்னலைத் தேடிப் பார்த்தேன், மாகோ ஸ்டேஷனில் நீ வடை வாங்க இறங்கியது ஞாபகம் வந்து தனியே நின்று சிரித்தேன். மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

கோச்சிக்குச் செங்குத்தாக ஏறத் தெரியாது, உனக்குத்தான் தெரியுமே, ஒன்பதாம் வகுப்பில் நான் படிப்பித்த பாடம் அது. மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, சுற்றி வளைத்துத்தான் பாதை போடுவார்கள். நூறு வருஷத்துக்கு முந்தி எஞ்சினுக்காகச் செய்த அந்தத் தயவு இப்போது என்னைப் போன்ற கிழவிகளுக்குக் கிடைக்கிறது. லில்லிடேலில் இருந்து மவுண்ட் எவ்லின் வரை ஏற்றம்தான், ஆனால் எனக்கு மூச்சு வாங்கவில்லை. நீயும் நடப்பாய், முனகிக்கொண்டு.

பாதை அந்தப் பகுதிச் சபையின் பொறுப்பு. ஆனால் சபை ஆட்கள் எத்தனை இடத்துக்கு ஓடுவார்கள்? பக்கத்து ஊர்க்காரர்கள் சம்பளம் இல்லாமல் வந்து வேலை செய்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா என்னையும் ஒருநாள் இழுத்துக்கொண்டு போனார். அன்று காலை முழுக்க ஒரே ஒரு மதகுதான் வேலை. பாதைக்கு அடியால் போகிற குழாயின் வாயை யூக்கலிப்டஸ் பட்டையும் இலையும் சேறும் அடைத்துக் கிடந்தன. ஒரு கிழவர் நீளக் கொழுக்கித் தடியை உள்ளே விட்டு இழுத்தார், நாங்கள் வாளியில் அள்ளினோம். கடைசியில் உள்ளே எதுவோ விட்டுக்கொடுத்த சத்தம் கேட்டது. கறுத்த தண்ணீர் அடுத்த பக்கத்தால் கொட்டியது. அதைப் பார்க்க எல்லோரும் பாதையைக் கடந்து ஓடினோம், சின்னப் பிள்ளைகள் தோற்றார்கள் போ.

பாதைக்கு எதிரி தண்ணீர்தான் என்றார் அந்தக் கிழவர். நடுவைக் கொஞ்சம் உயர்த்தி இரண்டு பக்கமும் வழியவிட வேண்டும். ஓரத்து வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் பாதை வழியே நடக்கத் தொடங்கும், பொடிக்கல்லையும் கூட்டிக்கொண்டு போய்விடும். முட்செடியும் அப்படித்தான் பொல்லாதது. பிளாக்பெரி என்று ஒன்று, வெட்டிவிட்டுப் போனால் மறுபடியும் துளிர்க்கும், வெட்டிய அடித்தண்டில் அந்த நிமிஷமே மருந்து பூச வேண்டும். பாதை திறந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, இவர்கள் இன்னும் வருகிறார்கள். எனக்கு அதுதான் ஆச்சரியம். நம்முடைய சிரமதானம் எப்படி? பனர் கட்டி, ஒருநாள் வெட்டி, ரோல்ஸ் சாப்பிட்டு, படம் எடுத்தால் சரி. அடுத்த மாரிக்கு எல்லாம் பழையபடி.

ஆனால் என்னை நித்திரை கொள்ளவிடாத கதை வேறு. அங்கே கோச்சி நின்ற பிறகும் அந்த நிலம் துண்டுபடாமல் பொதுவிலேயே கிடந்திருக்கிறது. அதனால்தான் பாதை போட முடிந்தது. நம் நாட்டிலும் கோச்சி நின்றுபோன பாதைகள் உண்டு. நானுஓயாவில் இருந்து ராகலைக்குப் போன சின்னக் கோச்சி 1948இல் நின்றது. அவிசாவளையில் இருந்து இரத்தினபுரி வழியாக ஓபநாயக்க வரை போனதும் எழுபதுகளில் நின்றது. அந்தத் தடத்தில் இன்று எத்தனை வீடு, எத்தனை கடை! இருக்க இடம் இல்லாத சனம் குந்திவிட்டது, அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் நீளமான ஒரு நிலம் நடுவில் ஒரு இடத்தில் அறுந்தாலும் பிறகு யாராலும் ஒட்ட முடியாது.

நம்முடைய மட்டக்களப்புக் கோச்சிப் பாதையை நடைபாதை ஆக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. யுத்த காலத்தில் கோச்சி வராமல் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். நம் உதயதேவி ரயில் சுணங்கி வந்தாலும் வரட்டும், வந்தால் போதும். அதோடு புணானைப் பக்கம் நடைபாதை போட்டால் நடக்கப்போவது யானைதான்.

நான் சொல்வது வாவிக்கரை. பழைய பாலத்துக்கு அப்பால், நாம் ரியூஷனுக்குக் குறுக்கால் போன ஒற்றையடிப் பாதை இருக்கிறதே, அது. 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கம் ஆட்கள் போவது குறைந்தது. இப்போது வேலி நகர்கிறது. எப்படி நகர்கிறது என்று நின்று பார்த்தேன், மச்சாள். முதலில் கரையில் கட்டிட இடிசல் ஒரு குவியல். பிறகு அதைப் பரவிவிடுவார்கள். பிறகு நாலு பூவரசங் கதியால். கதியால் தளிர்த்துவிட்டால் முள்ளுக்கம்பி, அடுத்த வருஷம் மதில். யாரும் ஒரே நாளில் பிடிப்பதில்லை. கேட்டால், "இதால யார் டீச்சர் போறாங்க?" என்கிறார்கள். அதுதான் என் நெஞ்சில் தைத்தது. ஆள் நடக்கிற இடத்தில் கதியால் நட வெட்கப்படுவார்கள், நடக்காத இடம் நாதியற்றது.

அதனால் சனிக்கிழமை காலையில் போகிறோம். நான், தபால் கந்தோரில் இருந்த அண்ணன், அவருடைய மனைவி, ஒழுங்கையில் ஓட்டோ ஓடுகிற தம்பி, மனம் வந்தால் வருகிற, ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பிள்ளைகள் சிலர். நாயுண்ணிப் பற்றையை வெட்டுகிறோம், கோரையைச் செதுக்குகிறோம், பள்ளத்துக்குக் கிறவல் போடுகிறோம். கண்டல் மரத்தில் யாரையும் கை வைக்கவிடுவதில்லை. இப்போது கச்சான் காற்று வீசி மண் பாறையாகக் கிடக்கிறது, ஆனாலும் மாரிக்கு முந்தி ஓரத்து வாய்க்கால் வெட்டியாக வேண்டும். அண்ணன் நீரோட்டம் பார்க்கிறேன் என்று போத்தல் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்க்கிறார். குடிக்க மிஞ்சுவதில்லை.

ஒருவர் உதவி செய்ய வந்தார். யார் என்று கேட்காதே, உனக்குத் தெரிந்த ஆள்தான். உதவி என்றால் பெயர்ப்பலகை, நாடா, மாலை, ஒலிபெருக்கி. திறப்பு விழா வேண்டுமாம். பாதை நாம் பிறப்பதற்கு முந்தியே திறந்துதானே கிடக்கிறது என்றேன். பலகைக்கு ஆகும் காசுக்கு நாலு மண்வெட்டி வாங்கித் தாருங்கள் என்றேன். ஆள் அந்தப் பக்கம் பிறகு வரவில்லை. அதிபராக இருந்தபோது இருந்த வாய் இன்னும் குறையவில்லை என்று ஊரில் கதை. குறையத் தேவையில்லை.

ஆனால் ஒன்று. அங்கேயும் வந்தவர்கள் எல்லாம் நரைத்த தலைகள்தான். கொழுக்கித் தடிக் கிழவர், "எனக்குப் பிறகு இந்த மதகு எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுச் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே இன்னும் மோசம். ஏ.எல். பிள்ளைகளில் கைவாகு உள்ளவன் ஒருவன் இருக்கிறான், சொல்லாமலே வாய்க்காலின் சரிவு பார்க்கத் தெரிகிறது. கட்டாருக்கு விசா வந்துவிட்டதாம். போகாதே என்று எந்த வாயால் சொல்ல? என் மகளை நான்தானே ப்ளேனில் ஏற்றிவிட்டேன்.

சரி, அழுகை போதும். உன் மருமகன் ஆவணியில் வருகிறான் என்று கேள்வி. நீளக் கைப்பிடிக் கத்தரிக்கோல் இருக்கிறதே, தடித்த கிளை வெட்டுவது, அதில் ஒன்று அவன் பெட்டியில் வை. முள்ளுக்குத் தாங்கும் தோல் கையுறையும் வேண்டும், எத்தனை சோடி என்றாலும் சரி, ஒன்று மட்டும் சின்னக் கை அளவு, அது அண்ணன் மனைவிக்கு. நிறை கூடினால் சொக்லேட்டை எடுத்துவிடு, இங்கே யாருக்கும் சீனி ஆகாது. நீயும் கூட வந்தால் உன்னை வெட்டவிடமாட்டேன், பயப்படாதே. அண்ணனுக்குத் தண்ணீர்ப் போத்தல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சாள்