எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் சங்கம், ஆண்டறிக்கை 2024–25: கடலூர் கிளை

தலைவர் அவர்களுக்கும் தோழர்களுக்கும் ஜெய்பீம் வணக்கம்.

ஏப்ரல் 14 விழா மஞ்சக்குப்பத்தில் நடந்தது. ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தால் டிசம்பர் செயற்குழு தள்ளிப்போனது. பணி ஓய்வு பெற்ற தோழர்களுக்கு நம் வாழ்த்து.

இந்த ஆண்டு பெரிதாகச் செய்தது ரோஸ்டர் பதிவேடுகளை, அதாவது எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசையாகக் காட்டும் பதிவேடுகளை, பார்த்ததுதான். அதனால் என்ன பயன் என்று சிலர் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் அஞ்சல் ஆணை வைத்து, நகல் கேட்காமல் நேரில் பார்வையிட மனு கொடுத்தோம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நகல் கேட்டால் சுருக்கப் பட்டியலைத்தான் தருவார்கள்; தவறு இருப்பது பதிவேட்டின் வரிகளில்.

ஓர் அலுவலகத்தின் அதிகாரிகள் நியமனப் பதிவேட்டில் 7ஆம் புள்ளி, அதாவது வரிசையில் ஏழாவது இடம், எஸ்.சி.க்கு உரியது. வயதுச் சலுகை, மதிப்பெண் சலுகை எதுவும் பெறாமல் பொதுத் தகுதியில் தேறிய நம் தோழர் ஒருவரை அதில் எழுதியிருந்தார்கள். அவரைப் பொதுப் பிரிவில்தான் காட்ட வேண்டும். இந்த ஒரு வரியால் ஓர் எஸ்.சி. இடம் நிரம்பியதாகிவிட்டது. இன்னோர் அலுவலகத்தில் எழுத்தர் நியமனத்துக்கு அகில இந்தியக் கணக்கான எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5 சதவீதத்தைப் போட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் மத்திய அரசு அலுவலகங்களின் உள்ளூர் நியமனத்துக்கு எஸ்.சி. 19, எஸ்.டி. 1 சதவீதம். இரண்டையும் இடஒதுக்கீட்டைக் கவனிக்கும் தொடர்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு ஒப்பந்த முறையில். நிறுவனமே நேரடியாக 45 நாள் அல்லது அதற்கு மேல் தற்காலிகமாக ஆள் எடுத்தால் இடஒதுக்கீடு உண்டு. ஏஜென்சி மூலம் எடுத்தால் ரோஸ்டரில் வரியே கிடையாது. துப்புரவிலும் காவலிலும் நம்மவர் நிறையப் பேர் இருப்பதைப் பிரதிநிதித்துவம் என்று ஏற்க முடியாது. ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு புது எண் தருகிறார்கள். பத்தாண்டு வேலை காகிதத்தில் பத்து மாதமாகிறது. அட்டையைத் திருப்பித் தருமுன் இருபக்கமும் நகல் எடுங்கள். பி.எஃப். பாஸ்புக்கை ஆண்டுதோறும் அச்செடுத்து வையுங்கள். மத்திய நீர் ஆணையத்தின் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர்கள் வழக்கில் 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் பணிவரன்முறைக்கு, அதாவது அவர்களை முறையான பணியாளர்களாக்க, உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டி நாமும் கேட்கலாம். ஆனால் தொடர்ந்து வேலை பார்த்ததற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தணிக்கைக்குக் கொடுத்திருக்கிறார். இருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. செயற்குழு இரண்டு முறை கோரம் (தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் கலைந்தது. இடமாறுதல் மனு எழுத இரவு பத்து மணிக்கு அழைக்கும் தோழர்கள் சிலரிடமிருந்து இரண்டாண்டுச் சந்தா வரவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

மண்டபம் தந்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும், நிர்வாகிகளுக்கும் நன்றி.

பதவி உயர்வுக்குத் தனிப் பதிவேடு உண்டு. அதை இன்னும் தொடவில்லை. சிதம்பரத்துக்கும் விருத்தாசலத்துக்கும் கணக்கு தெரிந்த இருவர் என்னோடு வர வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடியுமுன் கொடுங்கள். பாக்கிச் சந்தாவைப் பொருளாளர் வாசலருகே பெற்றுக்கொள்வார்.

செயலாளர்