முழங்கால் வலி என்று வரும் பிள்ளையின் இடுப்பையும் பாருங்கள்

மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் பொறுப்பில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இடுப்பு மூட்டு நழுவியது எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகும் பிள்ளையை நடக்கவிட்டு வீட்டுக்கு அனுப்பியது பற்றி என் அக்கா கொடுத்த மனு உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. பெற்றுக்கொண்ட முத்திரை எங்களிடம் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை.

கோரிக்கை ஒன்றுதான். 10 முதல் 16 வயதுக்குள் இருக்கும் பிள்ளை முழங்கால் வலி, தொடை வலி என்று தாங்கித் தாங்கி நடந்து வந்தால், இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நேராக ஒன்று, கால் மடங்குமானால் தவளைபோல விரித்து ஒன்று. தொடை எலும்பின் தலை (இடுப்பு மூட்டுக்குள் இருக்கும் உருண்டை முனை) வளர்ச்சித் தட்டில், அதாவது எலும்பு வளரும் குருத்துப் பகுதியில், நழுவியிருப்பது தெரிந்தால், அதற்கப்புறம் அந்தப் பிள்ளையை ஓர் அடிகூட நடக்க விடக்கூடாது.

அக்கா மகனுக்கு வயது 13. கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. போன இடமெல்லாம் முழங்காலைத்தான் படம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. மேலே உள்ள கோளாறு கீழே வலியாகத் தெரியும். எம்.பி.பி.எஸ். மாணவர்கள் படிக்கிற பாடம் இது. மளிகைக் கடை வைத்திருக்கும் நான் உங்களுக்கு எழுதவேண்டி வந்திருக்கிறது.

குந்தி உட்காரும்போது அவனுடைய வலது முழங்கால் நேராக மடங்காமல் வெளிப்பக்கமாக ஓடுகிறது, நடக்கும்போது பாதமும் வெளியே திரும்புகிறது என்று அக்கா ஒவ்வொரு டாக்டரிடமும் சொன்னார். படுக்க வைத்துத் தொடையை ஒருமுறை மடக்கிப் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். தைலமும் முழங்காலுக்கு மாட்டும் உறையும்தான் கிடைத்தன.

கடைசியில் ஒரு பயிற்சி மருத்துவர், சின்னப் பெண், இடுப்புக்குப் படம் எழுதிக் கொடுத்தார். அவருக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. நழுவல் தெரிந்தது. ஆனால் ஓபியில் இருந்தவர் சொன்னது: "ஆர்த்தோ டாக்டர் கிளம்பிட்டார், நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க." எக்ஸ்ரே கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு பையன் நடந்தே போய் டவுன் பஸ் ஏறினான். மறுநாள் அதே ஆஸ்பத்திரிக்கு வரும்போது, பஸ் படியில் காலை ஊன்றியவன் அலறிக்கொண்டு சரிந்தான். பின்னால் ஏறிய அம்மா பிடிக்காவிட்டால் தலையும் அடிபட்டிருக்கும். அதற்கப்புறம் அந்தக் காலை அவனால் ஊன்றவே முடியவில்லை.

ஊன்ற முடிகிற நழுவலும் ஊன்ற முடியாத நழுவலும் ஒன்றல்ல. அமெரிக்காவில் லோடர் என்ற எலும்பு மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகையில் ஒருவருக்குக்கூட எலும்புத் தலை ரத்த ஓட்டமின்றிச் சாகவில்லை. இரண்டாம் வகையில் 30 இடுப்புகளில் 14 அப்படிப் போயின. 'நாளைக்கு வாங்க' என்ற ஒரு சொல்லில் எங்கள் பிள்ளை முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்குப் போய்விட்டான்.

அன்றே படுக்கையில் சேர்த்திருந்தால், நழுவின இடத்திலேயே, ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவியில் பார்த்து ஒரு ஸ்க்ரூவை ஏற்றியிருக்கலாம். சின்னக் கீறல்தான். இப்போதும் ஆபரேஷன் ஆகிவிட்டது, செய்த டாக்டர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எலும்புத் தலை பிழைக்குமா என்று தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இடது இடுப்பும் நழுவலாம் என்பதால் அதையும் கண்காணிக்க வேண்டும்.

பள்ளியில் பி.டி. சார் செய்த வைத்தியம் தனி. "குண்டா இருந்தா வலிக்கத்தான் செய்யும், இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு." பிள்ளைகளின் உடல்நிலையைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டக் குழுவின் பட்டியலில் பிறவி இடுப்பு விலகல் இருக்கிறது, வளரும் வயதில் வரும் இது இல்லை. ஆஸ்பத்திரிக்கு மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் ஒரே ராத்திரியில் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் கிடைக்கிறது. வீல்சேர் தள்ளத்தான் ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் அவர் கையில் காசு வைத்தால்தான் சக்கரம் உருளும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இழப்பீடு கேட்கவில்லை, யாரையும் சஸ்பெண்ட் பண்ணச் சொல்லவும் இல்லை. உங்கள் மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்புங்கள்: முழங்கால் வலி என்று வரும் வளரும் பிள்ளைக்கு இடுப்பையும் பார்க்க வேண்டும், நழுவல் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, அன்றைக்கே ஆபரேஷன் வசதியுள்ள இடத்துக்கு ஆம்புலன்ஸில் அனுப்ப வேண்டும். நகல் ஒன்று எங்களுக்கும் தயவுசெய்து அனுப்புங்கள். எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
8ஆம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்மாமன்